வெகுளி பிறக்கும் இடம்: ‘குருதிப்புனல்’ - ஒரு மறுவாசிப்பு

காவிரிக் கழிமுகத்து மக்களுக்குப் ‘புனல்’ என்பது மகிழ்ச்சியின் சொல். ஆடியில் ஆற்றில் வரும் புது வெள்ளத்தை அச்சொல் நினைவூட்டும். விதை நெல்லும் நாற்றங்காலும் நடவும் அதன் பின்னே வரும். அந்தச் சொல்லோடு குருதியைச் சேர்த்துத் தம் நாவலுக்குப் பெயரிட்டார் இந்திரா பார்த்தசாரதி. 1975-இல் நூலாக வெளிவந்து, 1977-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற ‘குருதிப்புனல்’, வெளிவந்த நாளிலிருந்தே ஒரு வழக்கைச் சுமந்து வருகிறது. நாற்பத்து நான்கு உயிர்கள் எரிந்து கரியானதற்கு ஒரு நிலவுடைமையாளனின் உள்ளத்து ஊனத்தைக் காரணமாகக் காட்டலாமா என்பதே அவ்வழக்கு. பொருளியல் போராட்டத்தைப் பிராய்டின் மருத்துவ அறைக்குள் அடைத்துவிட்டார் என்று இடதுசாரித் திறனாய்வாளர்கள் சினந்தனர். மனிதனை வெறும் வர்க்கப் பிரதிநிதியாக மட்டும் பார்க்க இலக்கியம் கடமைப்பட்டதன்று என்று மறுதரப்பார் விடையிறுத்தனர்.

இவ்விரு தரப்பாரும் விட்டுவிட்ட ஒரு கேள்வி உண்டு. சினம் எங்கே பிறக்கிறது? தனி மனிதனின் உடலிலா, அவனுடைய பொருள் நலத்திலா, அன்றி இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேறோர் இடத்திலா? மனித உணர்ச்சிகள் செயலையும் முடிவையும் எவ்வாறு வடிவமைக்கின்றன என்பது இன்று உளவியலாரும் மூளை இயலாரும் விரிவாகப் பேசும் பொருள். அதைப் பொதுவாகப் பேசுவதினும் ஓர் ஊரை முன்வைத்துப் பேசுவது பயன் தரும். அவ்வூர் கீழ்வெண்மணி.

நிகழ்ந்தது

1960-இல் தொடங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்குத் தமிழகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது தஞ்சை. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல் அறுபதுகளின் நடுவில் குறுவை வயல்களில் பரவியது. விளைச்சல் கூடியபோது அறுவடைக்கான நாள்கள் நெருக்கடியாயின. குறித்த சில நாள்களில் ஆள் கிடைத்தாக வேண்டும் என்ற நிலையில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் குரலுக்கு வலுவேறியது. அவர்கள் கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி என்றே இன்றும் மக்கள் நினைவில் நிற்கிறது. நிலவுடைமையாளர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் திரண்டனர். வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுவடை செய்ய முற்பட்டனர். கூலிப் பேச்சோடு அவர்கள் நிற்கவில்லை. செங்கொடியை இறக்கிவிட்டுத் தங்கள் சங்கத்தில் சேர வேண்டும் என்றும் வற்புறுத்தினர்.

1968 டிசம்பர் 25-ஆம் நாள், அன்றைய தஞ்சை மாவட்டம் நாகப்பட்டினம் வட்டத்துக் கீழ்வெண்மணியில் மோதல் வெடித்தது. நிலவுடைமையாளர் தரப்பைச் சேர்ந்த ஒருவர் கொல்லப்பட்டார். அன்றிரவு சேரி தாக்கப்பட்டது. ஓடித் தப்ப இயலாத பெண்களும் குழந்தைகளும் முதியோரும் இராமையா என்பவரின் குடிசைக்குள் ஒண்டினர். குடிசை கொளுத்தப்பட்டது. நாற்பத்து நான்கு பேர் மாண்டனர்.

வழக்கு நடந்தது. கீழ் நீதிமன்றம் நிலவுடைமையாளர் சிலருக்குத் தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அத்தீர்ப்பின் ஒரு பகுதி திறனாய்வாளர்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியது. குற்றம் சாட்டப்பட்டோர் பெரும்பாலும் செல்வந்தர், நிலபுலன் உடையோர்; அவர்களே நேரில் நடந்து வந்து தீ வைத்தனர் என்பதை நம்புவது கடினம்; பழி தீர்க்கும் எண்ணம் எவ்வளவு இருந்தாலும் வேலையாட்களை ஏவிவிட்டுத் தாம் பின்னணியில் இருந்திருப்பர் என்றே எதிர்பார்க்கலாம் என்ற கருத்துப்பட அங்கே கூறப்பட்டுள்ளது.

இதைச் சட்ட நோக்கில் மட்டும் பார்த்தால் போதாது. உணர்ச்சி பற்றிய ஒரு கோட்பாடும் இதனுள் உண்டு. கொதிப்பு ஏழைக்குரியது, கணக்குப் பார்ப்பது செல்வனுக்குரியது என்பதே அக்கோட்பாடு. இழக்க ஒன்றுமில்லாதவன் ஆத்திரப்படுவான், இழக்க நிரம்ப உள்ளவன் அமைதி காப்பான் என்ற எடுகோள் அங்கே வேலை செய்கிறது.

இத்தீர்ப்பையும் ‘குருதிப்புனலை’யும் அருகருகே வைத்தால் நாவலின் மதிப்பு முதன்முறையாகப் புலப்படும். செல்வந்தனும் கொதிப்பான், அந்தக் கொதிப்பு அவனுடைய நலக் கணக்கையும் மீறிச் செல்லும் என்பதை நாவல் ஐயமின்றி நிறுவுகிறது. அரைப்படி நெல்லின் விலை நாற்பத்து நான்கு உயிர்கள் அல்ல. பொருள் நலம் மட்டுமே காரணமாயின் பேரம் பேசி முடித்திருக்கலாம். நெல்லைக் கடந்த ஏதோ ஒன்று அங்கே காயப்பட்டிருந்தது. அதைக் கண்டது நாவலாசிரியரின் கூர்மை. அதை எங்கே தேடினார் என்பதில்தான் அவருடைய பிழை.

நாவல் தேடிய இடம்

தில்லியிலிருந்து கிராமத்துக்கு வந்து தங்கிவிட்ட கோபால், அவனைத் தேடி வரும் சிவா, பொதுவுடைமை இயக்கத்து இராமையா, நிலக்கிழார் கண்ணையா நாயுடு ஆகியோரைச் சுற்றி நாவல் இயங்குகிறது. கண்ணையா நாயுடு ஆண்மையற்றவர். அக்குறை வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சமும், அதை மறைக்க அவர் பூணும் ஆண்மைத் தோரணையும், அம்பலப்படும்போது எழும் வெறியுமே கதையை இறுதித் தீக்கு இட்டுச் செல்கின்றன. நாணமே சினமாக மாறுகிறது என்பது நாவலின் உளவியல். இது பொய்யன்று. அவமானத்தை மறைக்கும் முகமூடியாகச் சினம் வருவதை நம் வீடுகளிலேயே நாம் கண்டிருக்கிறோம்.

ஆயினும் இவ்விளக்கத்தில் மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, அன்றிரவு வந்தது ஒரு மனிதன் அல்லன், ஒரு கூட்டம். ஒருவருடைய அந்தரங்கக் குறை அத்தனை பேருடைய கைகளையும் தீப்பந்தம் ஏந்தச் செய்தது எவ்வாறு? நாவலில் இதற்கு விடையில்லை. இரண்டாவது, சினத்தின் ஊற்றை உடற்குறையில் வைத்ததால் அக்குறை இல்லாத நிலக்கிழார் எவரும் இதைச் செய்திருக்க மாட்டார் என்ற ஆறுதல் வாசகனுக்குக் கிடைத்துவிடுகிறது. தீமை விதிவிலக்காகிறது, வழக்கமான மனிதர்கள் தப்பித்துக்கொள்கின்றனர். மூன்றாவது, நாவலில் உள்ளம் என்ற ஒன்று நிலக்கிழாருக்கும் தில்லியிலிருந்து வந்தவர்களுக்கும் வாய்த்த அளவுக்கு வயலில் நிற்பவர்களுக்கு வாய்க்கவில்லை. மற்றவர்கள் சிந்திக்கின்றனர், விவாதிக்கின்றனர், நாணுகின்றனர். உழைப்பாளிகள் பெரும்பாலும் துன்புறுகின்றனர். அவர்களுடைய சினமும் ஒரு சினம், அதற்கும் வரலாறு உண்டு என்பது பின்னணியிலேயே தங்கிவிடுகிறது. அந்த வெற்றிடத்தை உணர்ந்தவர்போல, கழிமுகத்து மண்ணின் மைந்தரான சோலை சுந்தரபெருமாள் 1999-இல் ‘செந்நெல்’ நாவலில் அதே நிகழ்ச்சியை உழைப்போர் வாழ்வின் உள்ளிருந்து எழுதினார்.

தொல்காப்பியர் வகுத்த நிலைக்களன்கள்

எல்லா மனிதருக்கும் பொதுவான அடிப்படை உணர்ச்சிகள் சில உண்டு என்றும், அவற்றின் முகக்குறிகள் நாடு கடந்தும் ஒத்திருக்கும் என்றும் பால் எக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களின் இறுதியில் பப்புவா நியூகினி மக்களிடையே செய்த ஆய்வுகளைக் கொண்டு வாதிட்டார். அக்கருத்து இன்று பலராலும் மறுக்கப்படுகிறது. அந்த விவாதத்துக்குள் நுழையாமலே ஒன்று கூறலாம். சினந்த முகம் எங்கும் ஒன்றாக இருந்தாலும், எதற்குச் சினப்பது என்பது எங்கும் ஒன்றாக இல்லை.

தமிழ் இலக்கண மரபு இதை நன்கு அறிந்திருந்தது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் பிறக்கும் இடங்களை நான்கு நான்காக வகுக்கிறது. வெகுளி பிறக்கும் இடங்கள்: உறுப்பை அறுத்தல், குடிக்குக் கேடு செய்தல், அலைத்து வருத்துதல், கொலை. அச்சத்தின் நான்கு இடங்களுள் அணங்கும் விலங்கும் கள்வரும் போக, நான்காவதாக நிற்பது தம் இறை; அதாவது தம்மை ஆள்பவர். பெருமிதத்துக்கோ கல்வியும் தறுகண்மையும் புகழும் கொடையும் இடங்கள்.

இப்பட்டியலைக் கீழைத் தஞ்சையின் வரலாற்றோடு வைத்து நோக்கினால் வியப்பே மிஞ்சும். பண்ணையாட்களுக்குச் சவுக்கடி தரப்பட்டதும் சாணிப்பால் புகட்டப்பட்டதும் இம்மாவட்டத்தின் அண்மைக்கால வரலாறு. 1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் கட்டிய இயக்கம் முதலில் கேட்டதே அடியை நிறுத்துங்கள் என்பதுதான். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெகுளிக்குரிய நிலைக்களன்கள் யாவும் தலைமுறை தலைமுறையாகச் சேரியின் பக்கமே இருந்தன. நிலக்கிழாரின் சினத்துக்கு மூலமான ‘என் முன்னால் நிமிர்ந்து நிற்கிறான்’ என்பது தொல்காப்பியரின் பட்டியலில் இல்லை. நில உரிமையும் பிறப்பும் பெருமிதத்தின் பட்டியலிலும் இல்லை.

அப்படியானால் வெகுளிக்குரிய காரணமெல்லாம் யாரிடம் இருந்ததோ அவர்கள் நூற்றாண்டுகளாக ஏன் சினக்கவில்லை? காரணம் இல்லாதவர்கள் ஏன் இவ்வளவு சினந்தனர்?

இமாம் கஸ்ஸாலியின் விடை

இவ்வினாவுக்கு நான் அறிந்த மிகக் கூர்மையான விடை, ஹிஜ்ரி 505-இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் உள்ளது. அழிவுக்குரிய பண்புகளைப் பேசும் அதன் மூன்றாம் பகுதியில் கோபம், வன்மம், பொறாமை ஆகியவற்றுக்கென ஒரு நூல் அமைந்திருக்கிறது. கோபத்தை இதயத்துக் குருதியின் கொதிப்பு என்று தம் காலத்து மருத்துவ மொழியில் விளக்கும் இமாம், உடனே வேறொன்றைக் கூறுகிறார். தனக்கு மேலானவன் மீது கோபம் வந்து, பழி தீர்க்க வழியில்லை என்ற நம்பிக்கையின்மையும் சேர்ந்தால், குருதி உள்ளே சுருங்கித் துயரமாக மாறும், முகம் வெளுக்கும். தனக்குக் கீழானவன் மீது வந்தால் குருதி விரிந்து பரவும், முகம் சிவக்கும். தனக்கு நிகரானவன் மீது வந்தால் இரண்டுக்கும் இடையே ஊசலாடும்.

குருதி பற்றிய அந்த மருத்துவம் காலாவதியாகிவிட்டது. அதிலுள்ள சமூக நோக்கு காலாவதியாகவில்லை. ஒரே காயம், படிநிலையில் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒருவனிடம் சினமாகவும் மற்றவனிடம் துயரமாகவும் வெளிப்படும் என்பது இதன் பொருள். சேரி நூற்றாண்டுகளாகச் சினக்கவில்லை என்பது சரியன்று. அதன் சினம் துயரமாகச் சுருங்கியிருந்தது. சங்கம் செய்த பெரிய மாற்றம் கூலியை உயர்த்தியது மட்டுமன்று. பழி தீர்க்க இயலாது என்ற நம்பிக்கையின்மையை நீக்கித் துயரத்தை மீண்டும் சினமாக்கியது. அச்சினத்துக்கு வேலைநிறுத்தம், பேச்சுவார்த்தை என்னும் ஒழுங்கான வழிகளையும் தந்தது. கொடி அதன் அடையாளம். அதனால்தான் கூலியைவிடக் கொடியே எதிர்த்தரப்பாருக்கு உறுத்தியது. தம் கீழே இருந்தவன் நிகராகிவிட்டான் என்ற அறிவிப்பை அவர்கள் அதில் படித்தனர்.

இமாம் மேலும் ஒரு பகுப்பைச் செய்கிறார். மனிதன் விரும்புவனவற்றுள் உணவு, உடை, உறையுள், உடல் நலம் போல எல்லோருக்கும் இன்றியமையாதவை ஒரு வகை. அவற்றைப் பறித்தால் வரும் கோபத்தை முற்றாகக் களைய இயலாது. செல்வப் பெருக்கமும் பதவியும் ஊராரின் மதிப்பும் போன்றவை இன்னொரு வகை. அவை வழக்கத்தால் மட்டுமே தேவையாகிப் போனவை. அவை குறைவதால் வரும் கோபத்தைப் பயிற்சியால் வேரோடு களையலாம். அரைப்படி நெல்லுக்கான சினமும் அந்தஸ்துக்கான சினமும் ஒரே சொல்லால் அழைக்கப்பட்டாலும் ஒரே உணர்ச்சி அல்ல. இரு தரப்பிலும் ஆத்திரம் இருந்தது என்று பொதுவாக எழுதிச் செல்வோர் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

சினமே கூடாது என்று இமாம் கூறுவதாகவும் கொள்ளலாகாது. சினம் மிகுதல் குற்றம். முற்றிலும் இல்லாதொழிதலும் குற்றமே. நடுநிலையே விரும்பத்தக்கது என்பது அவர் தெளிவாக வகுத்த நெறி.

கூட்டத்தின் வெறி

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். கஸ்ஸாலியும் தனி ஆன்மாவைத்தானே பேசுகிறார், நாவலாசிரியரும் அதைத்தானே செய்தார் என்று கேட்கலாம். வேறுபாடு உண்டு. அறியாதார் பலரைக் கோபத்துக்குத் தூண்டும் வலிய காரணங்களுள் ஒன்று, அவர்கள் கோபத்துக்கு வீரம், ஆண்மை, தன்மானம் என்று பெயரிட்டு அழைப்பதே என்கிறார் இமாம். அவ்வாறு பெருமை பேசுவோருடன் பழகுபவன் அதையே கற்றுக்கொள்கிறான் என்றும் எச்சரிக்கிறார். சினம் கற்பிக்கப்படுவது, பெயர் மாற்றிக் கற்பிக்கப்படுவது என்பது இதன் கருத்து. ‘குருதிப்புனல்’ நிலக்கிழாரின் ஆண்மைக் குறையைப் பேசியது. ஆண்மை என்பதே சினத்துக்கு ஊர் இட்ட பெயர் என்பதை அது பேசியிருந்தால், ஒரு மனிதனின் கதை ஓர் அமைப்பின் கதையாக உயர்ந்திருக்கும்.

கூட்டுச் சினத்துக்குத் திருமறை தரும் பெயர் இன்னும் துல்லியமானது. ‘அல்ஃபத்ஹ்’ அத்தியாயத்தின் 26-ஆம் வசனம் ‘ஹமிய்யத்துல் ஜாஹிலிய்யா’ என்ற தொடரைப் பயன்படுத்துகிறது. அறியாமைக் காலத்துக் குல வீம்பு என்று அதைப் பெயர்க்கலாம். ஹிஜ்ரி 6-இல் (கி.பி. 628) ஹுதைபிய்யாவில் உம்ராவுக்கு வந்தவர்களைக் குறைஷியர் தடுத்த சூழலை அவ்வசனம் சுட்டுகிறது. வந்தவர்கள் போருக்கு வரவில்லை. அவர்களை உள்ளே விட்டிருந்தால் குறைஷியருக்குப் பொருள் இழப்பும் இல்லை. நம்மை மீறி நுழைந்துவிட்டார்கள் என்று அரபுலகம் பேசுமே என்பதுதான் அவர்களைத் தடுத்தது. உடன்படிக்கையில் ‘இறைத்தூதர்’ என்ற சொல்லைக்கூட எழுத அவர்கள் இசையவில்லை. அச்சொல்லை நீக்க இசைந்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். வசனம் அந்த வீம்புக்கு எதிராக வைப்பது ‘ஸகீனத்’ எனும் உள்ள அமைதியை. ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் ஒரு கூட்டத்தின் முடிவைத் தீர்மானிப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உணர்ச்சி அறிவுக்குப் பகை என்று நான் கூறவில்லை. மூளையின் முன்பகுதியில் சேதமுற்ற சிலர் அறிவுக்கூர்மை குன்றாமலே இருந்தும், உணர்ச்சி மங்கியதால் அன்றாட முடிவுகளைக்கூட எடுக்க இயலாது தவித்ததை நரம்பியலாளர் அன்டோனியோ டமாசியோ 1994-இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். உணர்ச்சியின்றி முடிவில்லை. செல்வந்தரும் விதிவிலக்கல்லர். ஆகவே ஆராய வேண்டியது எந்த உணர்ச்சி, யார் கற்பித்தது, எந்தப் பெயரில் கற்பித்தது என்பதே.

நமக்கான கண்ணாடி

நாகூருக்கும் வெண்மணிக்கும் தொலைவு அதிகமில்லை. இக்கழிமுகத்தில் நிலமும் ஆட்களும் உடையவர்களாக நம்மவர்களும் இருந்துள்ளனர். ஆகவே இந்நாவலை யாரோ ஒரு சாதியாரின் கதையாகப் படித்து மூடிவைக்க நமக்கு உரிமையில்லை. அபூதர் (ரலி) ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துரைத்தபோது, உம்மிடம் இன்னும் அறியாமைக் காலம் இருக்கிறது என்ற கருத்தில் நபி (ஸல்) கண்டித்தார்கள். உம் கையின் கீழ் இருப்போர் உம் சகோதரர்கள், நீர் உண்பதையே அவர்களுக்கும் ஊட்டும், அவர்கள் தாங்க இயலாத சுமையை ஏற்றாதீர் என்றும் அறிவுறுத்தினார்கள். புகாரி தொகுப்பில் உள்ள இச்செய்தியை நாம் அடிக்கடி மேடைகளில் கேட்கிறோம். ஆயினும் வேலையாள் எதிர்த்துப் பேசினால் நம்முள் எழுவதற்கு ‘ரோஷம்’ என்றும் ‘மானம்’ என்றுமே இன்னும் பெயர் வைத்திருக்கிறோம்.

இராமையாவின் குடிசை நின்ற ஊரில் ஒவ்வொரு டிசம்பர் 25-ஆம் நாளிலும் மக்கள் கூடுகின்றனர். அவர்களுடைய துயரம் எதன் வடிவம் என்பதை ‘குருதிப்புனல்’ முழுமையாகச் சொல்லவில்லை. எரித்தவர்களிடமும் உள்ளம் என்ற ஒன்று இருந்தது, அது பொருட்கணக்கால் மட்டும் இயங்கவில்லை என்பதை அது சொன்னது. அந்தப் பாதி உண்மைக்காக அந்நாவல் இன்றும் படிக்கப்பட வேண்டும். மறுபாதியை நாம்தான் சேர்த்துப் படிக்க வேண்டும்: கண்ணையா நாயுடுவிடம் எக்குறையும் இல்லாதிருந்தாலும் அந்தக் குடிசை எரிந்திருக்கும்.